இல்லை என்று எழுதத் தெரியாதவள்

எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்துபோனதாகச் சரித்திரமே கிடையாது. இதோ, முதல் வரியிலேயே ‘கிடையாது’ எழுதிவிட்டேன். அம்மா உயிரோடு இருந்தால் அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதச் சொல்லியிருப்பாள். அவள் கணக்கில் உப்பு தீராது, நிறையும். சமையலறையிலிருந்து "உப்பு நெறஞ்சி கீது" என்று அவள் குரல் கொடுத்தால், நைனா, அதாவது என் அப்பா, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். அரிசியும் அப்படித்தான், எண்ணெயும் மஞ்சளும் அப்படித்தான். விளக்கை அணைக்க மாட்டோம், குளிர வைப்போம். ‘போறேன்’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் பள்ளிக்கூட மணி அடித்தாலும் சரி, திரும்பி வந்து ‘போய்ட்டு வரேன்’ சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ‘இல்லை’ என்று சொன்னால் மேலே போகிற தேவதை அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிடுமாம். எங்கள் ஊர் மேனாம்பேட்டுக்கு மேலே அந்தத் தேவதை ஏன் இத்தனை முறை போய்வருகிறது என்று நான் ஒரு தடவை கேட்டு, தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன்.

இதில் ஒரு வில்லங்கமும் நடந்தது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் ஒருநாள் டம்ளரோடு வந்து கொஞ்சம் காபித்தூள் கேட்டார். அம்மா சிரித்த முகத்தோடு, "நெறஞ்சி கீதும்மா" என்றாள். அவர் சந்தோஷமாக டம்ளரை நீட்டினார். அம்மா மறுபடியும் "நெறஞ்சி கீது" என்றாள். அவர் டம்ளரை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினார். இரண்டு பேரும் சிரித்தபடியே எவ்வளவு நேரம் அப்படி நின்றிருப்பார்களோ தெரியாது. நைனா பின்வாசல் வழியாக ஓடிப்போய்க் கடையில் காபித்தூள் வாங்கிவந்து அந்த டம்ளரில் கொட்டினார்.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளுக்கு உலகத்தில் எத்தனையோ வேலை கிடைத்திருக்கலாம். கிடைத்தது கருவிகளுக்குக் குறிப்பு எழுதும் வேலை.

அது என்ன வேலை என்று என் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதும் ஏஐ ஏஜென்ட் என்று ஒன்று இப்போது மென்பொருள் கம்பெனிகளில் புழங்குகிறது. "இந்தப் பிழையைச் சரிபண்ணு" என்று சொன்னால் அதுவே கோப்புகளைத் தேடி, படித்து, திருத்தி, ஓட்டியும் பார்த்துவிடும். ஆனால் அதற்கென்று கைகால் எதுவும் இல்லை. நாங்கள் கொடுக்கிற கருவிகள்தான் அதன் கை. தேட ஒரு கருவி, திருத்த ஒரு கருவி, சோதித்துப் பார்க்க ஒன்று, செய்த மாற்றத்தைத் திரும்பப் பெற ஒன்று. ஒவ்வொரு கருவிக்கும் நாலு வரியில் ஒரு குறிப்பு இருக்கும். ஏஜென்ட் கருவியைப் பிரித்துப் பார்ப்பதில்லை. குறிப்பைப் படிக்கும், இதுதான் வேண்டும் என்று முடிவு செய்யும், எடுத்து வேலையைத் தொடங்கிவிடும். தரகர் சொன்னதை நம்பி, பெண்ணைப் பார்க்காமலே தாலி கட்டுகிற மாதிரி. அந்தத் தரகர் நான்.

தரகு வேலையோடு முடியவில்லை. நான் எழுதிய குறிப்பு ஏஜென்ட்டைச் சரியான கருவியிடம் கொண்டுபோய் விடுகிறதா என்று மதிப்பிடுவதும் என் வேலைதான். சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்து, அது எந்தக் கருவியை எடுக்கிறது என்று பார்ப்பேன். தப்பான கருவியை எடுத்தால் குறிப்பைத் திருத்திவிட்டு, அதே வேலையை மறுபடி கொடுத்துப் பார்ப்பேன்.

எங்கள் அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பழைய தொழிற்கூடத்தின் மாடியில் இருக்கிறது. கீழே இன்னும் ஒரு பிரஸ் மெஷின் தகடு இடித்துக்கொண்டிருக்கும். அது இடிக்கும்போதெல்லாம் மாடியில் என் டீ லேசாக அலையடிக்கும். நைனா காலம் முழுக்க லேத் ஓட்டிய கம்பெனி இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவருடைய அப்பாவுக்கு அடுத்தவர் வயலில் கூலிவேலை. நைனாவுக்கு எஸ்டேட். எனக்கும் எஸ்டேட். நான் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறேன் என்பதை நைனா கேட்டுக்கொண்டதே இல்லை. "எஸ்டேட்லதான் கீறா" என்று மட்டும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வண்டியில் பத்து நிமிடம். அம்மா போனபிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். நானும் நைனாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். அவர் எஸ்டேட்டில் இன்னும் எந்தக் கம்பெனி ஓடுகிறது என்று கேட்பார், நான் சொல்வேன். அவ்வளவுதான். வரமுடியாத நாட்களில் போன் செய்வேன். "சாப்ட்டியா நைனா?" "ஆச்சு கண்ணு." சாயந்திரம் வந்து பார்த்தால் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். மனசு நிம்மதியாகிவிடும். எங்கள் வாசலில் படுத்திருக்கும் செவலை நாய் மட்டும் வரவரக் கொழுத்துக்கொண்டே போனது. தெருவில் யாரோ புண்ணியவான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மேலாளர் ஆவடிக்காரர். எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிறவர். கெட்ட செய்தியை வெறுங்கையோடு சொல்ல அவருக்கு மனசு வராது, அதனால் முதலில் பஜ்ஜி வாங்கிவருவார். வாழைக்காய் பஜ்ஜி என்றால் செய்தி சின்னது. வெங்காய பஜ்ஜி என்றால் சனிக்கிழமையும் வேலை. மழைக்காலத்தில் ஒருநாள் அவர் மிளகாய் பஜ்ஜிப் பொட்டலத்தோடு படியேறி வந்தார். யாரும் கை நீட்டவில்லை.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. சூடு ஆறிடும்" என்றார். பிறகு சுவரைப் பார்த்துப் பேசினார். "அடுத்த வாரம் வாடிக்கையாளர் அவங்க சொந்த வேலைகளைக் கொடுத்து நம்ம ஏஜென்ட்ட பரீட்சை பண்ணப் போறாங்க. கருவியெல்லாம் சரியா எடுத்து வேலை செஞ்சா டீம் இங்கயே இருக்கும். சொதப்பிச்சுன்னா நம்மள எல்லாம் சோழிங்கநல்லூர்ல தலைமை அலுவலகத்தோட சேத்துருவாங்க."

மேனாம்பேட்டிலிருந்து சோழிங்கநல்லூர் போய்வருவது என்றால், விடியும்போது கிளம்பி இருட்டியபின் வீடு திரும்ப வேண்டும். மற்றவர்கள் பஸ்ஸையும் டிராஃபிக்கையும் பற்றிப் பேசினார்கள். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் மனசில் ஓடியது. மத்தியானம் நைனாவுக்கு எதிரே யார் உட்காருவது?

ஆனாலும் எனக்குப் பயம் வரவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் திமிராகவே இருந்தேன். என் மதிப்பீட்டில் ஏஜென்ட் அனேகமாக எல்லா வேலைக்கும் சரியான கருவியைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. என் குஞ்சோ முழு மதிப்பெண் வாங்குகிற குஞ்சு.

அந்தத் திமிரை அடக்கியவன் எங்கள் டீமின் சோதனைக்காரன். நசரத்பேட்டைக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான், மற்ற நாட்களில் மேஜையில் வாசிப்பான். என்னை அக்கா என்பான். மற்ற எல்லோரும் அவனுக்கு மாமே, ஏஜென்ட் உட்பட. என் சோதனைகளை வாங்கிப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னாக்கா இது? கேள்வியும் நீயே, வெடையும் நீயேவா? குறிப்புல எழுதுன அதே வார்த்தய கேள்வியிலயும் போட்டு வச்சிக்கீற. எல்கேஜி புள்ள கூட கோடு போட்டுப் பொருத்திட்டுப் பூடும்."

"ஏன், கேள்வி சுத்தமா இருக்கக் கூடாதா?"

"எந்த ஜனம்க்கா இப்டி சுத்தமா கேக்குது? ‘நேத்து வரிக்கும் ஓடிக்கினு இருந்துச்சு, இன்னிக்கி இன்னாமோ ஆயிப்போச்சு, கொஞ்சம் பாரேன்’, இப்டித்தான் கேப்பாங்க."

கோபம் வந்தது. எனக்குக் கோபம் பால் மாதிரி, சட்டென்று பொங்கும். அப்படியென்றால் நீயே கேட்டுப் பார் என்று நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தேன். அவன் வேறு இடம் தேடவில்லை. தன்னுடைய சொந்த ஃபோல்டரையே திறந்தான். சர்ச் பாடகர் குழுவான கொயரின் கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சிக்கு யார் எந்தக் கிழமை வரவேண்டும், யார் எந்தக் குரலில் பாடவேண்டும் என்று சொல்லும் ஒரு நிரலை அவன் ரொம்ப நாளாக எழுதிக்கொண்டிருந்தான். பாதி முடிந்திருந்தது. இன்னும் எங்கேயும் நகல் எடுத்துப் பத்திரப்படுத்தவில்லை. அதில் ஒரு கோப்பில் ஒரு வரியை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு ஏஜென்ட்டிடம் சொன்னான்: "மாமே, இந்த ஃபைல்ல இப்ப தப்பாப் பண்ட்டேன், அத மட்டும் வாபஸ் வாங்கிக்க."

திரும்பப் பெறும் கருவிக்கு நான் எழுதியிருந்த குறிப்பு இது: செய்த மாற்றங்களை முழுமையாகவும் விரைவாகவும் பாதுகாப்பாகவும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். கல்யாணப் பத்திரிகைபோல மங்களகரமான வாசகம். ஏஜென்ட் படித்தது, மயங்கியது, எடுத்தது. அந்தக் கருவி ஒரு கோப்பை மட்டும் தொடத் தெரியாதது. ஃபோல்டரில் பத்திரப்படுத்தாத அத்தனையையும் துடைத்துவிட்டுத்தான் ஓயும். துடைத்துவிட்டு, வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று பணிவோடு அறிவித்தது.

அவன் ஃபோல்டரை மறுபடி திறந்து பார்த்தான். பிறகு எஸ்டேட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். "மாமே! கொயர் போச்சுடா! மொத்த கொயரும் பூட்ச்சுடா!"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அது நியாயமில்லை என்று தெரிந்தும் வந்தது. அடுத்து வாதாடினேன். ஒரு கோப்பைக் கேட்டால் ஒரு கோப்பை மட்டும் தொடவேண்டும் என்ற புத்தி அந்த ஏஜென்ட்டுக்கு வேண்டாமா என்றேன். அவன் என் குறிப்புகள் எல்லாவற்றையும் திறந்து எதையோ தேட ஆரம்பித்தான். நாங்கள் எழுதுவது ஆங்கிலத்தில்தான். ஆனால் மனசு மேனாம்பேட்டில்தானே இருக்கும்.

"அக்கா, ஒன்னோட எல்லாக் குறிப்பையும் தேடிட்டேன். இது ஆவாது, இத பண்ணாத, இதுக்கு இல்ல, இப்டி ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, எங்கியுமே காணோம். எல்லாக் கருவியும் எல்லாம் பண்ணுமாம். இன்னாக்கா, ஒங்க ஊட்ல இல்லன்னு சொன்னா ஃபைன் போடுவாங்களா?"

அவன் கிண்டலாகத்தான் கேட்டான். ஃபைன் இல்லை, குட்டு. வருஷக்கணக்காக நான் எழுதிக்கொண்டிருந்தது குறிப்பே இல்லை, அம்மாவின் சமையலறை. ஒரு கருவியால் ஒன்று முடியாது என்று தோன்றும்போதெல்லாம் என் கை அதை ‘நிறைந்திருக்கிறது’ என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறது. பாவம் அந்த ஏஜென்ட், டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

அன்றே எல்லாவற்றையும் திருத்த உட்கார்ந்தேன். ஒவ்வொரு ‘இல்லை’யும் எழுதும்போது அம்மா பின்னால் நின்று தொண்டையைச் செருமுவதுபோல இருந்தது. முதல் இரண்டு மூன்றுக்குத்தான் கஷ்டம். அப்புறம் ருசி கண்டுவிட்டது. இதற்கு இல்லை, அதற்கும் இல்லை, தொடாதே, ஓட்டாதே, எச்சரிக்கை, ஜாக்கிரதை. சாயந்திரத்துக்குள் என் குறிப்புகள் மின்வாரியத்து டிரான்ஸ்பார்மரில் தொங்கும் மண்டையோட்டுப் பலகை மாதிரி ஆகிவிட்டன.

மறுநாள் மேலாளர் வந்து ஏஜென்ட்டிடம் ஒரு கோப்பைத் தேடச் சொன்னார். அது தேடவில்லை. இந்த வேலைக்கு எந்தக் கருவியும் பொருத்தமாகத் தெரியவில்லை, சிரமத்துக்கு மன்னிக்கவும், நீங்களே தேடிக்கொள்வது பாதுகாப்பானது என்று எழுதியது.

சோதனைக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான். "நேத்து ஊட்டக் கொளுத்துனான். இன்னிக்கி வெளக்கேத்தவே பயப்பட்றான். நல்லாக் கீதுக்கா ஒன் வைத்தியம்."

மேலாளர் படியிறங்கி பஜ்ஜிக் கடைப் பக்கம் போனார்.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போகும் வழியில், எஸ்டேட் பஸ் நிலையத்துக்கு எதிரே சிக்னலில் நின்றேன். கூடையோடு ஓடிவந்த ஒரு பெண்மணி பக்கத்தில் நின்ற பஸ்ஸைப் பார்த்துப் பூந்தமல்லி போகுமா என்று கேட்டார். கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "போவாதும்மா, பின்னால ஒண்ணு நிக்குது பாரு, அதுல ஏறிக்க" என்றார். அந்தப் பெண்மணி திரும்பி ஓடினார். எத்தனையோ வருஷமாகக் கேட்கிற பதில்தான். ‘போவாது’ என்பதோடு அவர் நிறுத்தியிருந்தால் அந்தப் பெண்மணி அங்கேயே நின்றிருப்பார். போகாததைச் சொல்லாமல் ஏற்றிக்கொண்டிருந்தால் அவர் எங்கேயோ போய் இறங்கியிருப்பார். சிக்னல் விழுந்ததும் பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டினான். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

குறிப்புகளை மூன்றாம் முறை எழுதினேன். திரும்பப் பெறும் கருவிக்கு இப்படி: பத்திரப்படுத்தாத மாற்றங்கள் எல்லாவற்றையும் துடைக்கும், துடைத்தது திரும்ப வராது. ஒரே ஒரு கோப்பை மட்டும் பழையபடி ஆக்க இது உதவாது, அதற்குத் திருத்தும் கருவியை எடு. அடிபடுகிற இடத்தில் மட்டும் ஒரு ‘இல்லை’, அந்த இல்லைக்குப் பக்கத்திலேயே ஒரு வழி. மங்களகரமாக இல்லைதான். ஆனால் ஏஜென்ட் அந்தப் பக்கம் போய், குறிப்பைப் படித்துவிட்டுத் திரும்பி வந்ததைப் பார்த்தபோது, அந்தக் கூடைக்காரப் பெண்மணி ஓடியது ஞாபகம் வந்தது.

மதிப்பீட்டையும் மாற்றினோம். நடுவில் ஒரு இரும்பு பீரோவை இழுத்துப் போட்டோம். பீரோவுக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்து, என் குறிப்பைப் பார்க்காமல், ஜனங்கள் கேட்கிற பாஷையில் வேலைகளை எழுதினான். இந்தப் பக்கம் நான் அவன் வேலைகளைப் பார்க்காமல் குறிப்பு எழுதினேன். ஒரு தடவைக்கு ஒரு குறிப்பைத்தான் மாற்றுவோம், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். எது எதனால் சரியானது என்று அப்போதுதான் தெரியும். எந்தக் கருவியும் தேவையே இல்லாத வேலைகளையும் அவன் நடுநடுவே கலந்து வைத்தான். சும்மா இருக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காம். என் மதிப்பெண் முதலில் சரிந்தது, பிறகு மெதுவாக ஏறியது. பழைய முழு மதிப்பெண்ணைத் தொடவேயில்லை. ஆனால் இந்த மதிப்பெண்ணை நம்பித் தூங்க முடிந்தது.

பரீட்சை வாரம் வந்தது. என்னால் மத்தியானம் நகர முடியவில்லை. காலையில் அவசர அவசரமாகச் சமைத்து மூடி வைத்துவிட்டு ஓடினேன். தினமும் மத்தியானம் போன்.

"சாப்ட்டியா நைனா?"

"ஆச்சு கண்ணு. நீ வேலயப் பாரு."

கடைசி நாளும் அப்படித்தான். பரீட்சை முடிந்தது, முடிவு மறுநாள் தெரியும் என்றார்கள். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தேன், அகோரப் பசி. நைனா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திரங்கள் வழக்கம்போலக் கழுவிக் கவிழ்த்திருந்தன. எனக்கென்று கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்திருந்த காரக்குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்தேன். உப்பு போடவே மறந்திருக்கிறேன். ஒரு கல் உப்புகூட அதில் விழுந்திருக்கவில்லை.

"நைனா, மத்தியானம் கொழம்பு எப்டி இருந்துச்சு?"

"ஷோக்கா இருந்துச்சு கண்ணு."

"உப்பு?"

"அளவா இருந்துச்சு" என்றார், டிவியைப் பார்த்தபடியே.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். நக்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் கண் அவரையும் மீறி வாசலுக்குப் போனது. வாசலில் செவலை, பீப்பாய் போன்ற உடம்போடு, நன்றியுடன் வாலை ஆட்டியது.

"அதுதான் துன்னுச்சா?"

"அதுக்கு உப்பு ஆவாது கண்ணு. நல்லதாப் போச்சு."

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. "எத்தினி நாளா நைனா?" என்று கேட்டேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "நீ எதுருல ஒக்காந்தா எறங்குது" என்று மட்டும் சொன்னார்.

எவ்வளவு ஒழுங்கான பதில். அதிலும் ஒரு ‘இல்லை’ கிடையாது. நீ இல்லாவிட்டால் சோறு இறங்குவதில்லை என்பதை எங்கள் வீட்டில் இப்படித்தான் சொல்வோம். எனக்கு என் மேலேதான் கோபம் பொங்கியது. ஊரில் இருக்கிற கருவியையெல்லாம் மதிப்பிடுகிறவள், பெற்ற அப்பாவிடம் தினமும் பதிலை உள்ளே வைத்து ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறேன். சாப்ட்டியா என்றால் ஆச்சு என்பதைத் தவிர அந்த மனிதருக்குச் சொல்ல வேறு வார்த்தையே தெரியாது. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தைப் பார்த்து முழு மதிப்பெண் வேறு போட்டிருக்கிறேன். அவர் மெலிந்ததைக் கவனிக்கவில்லை, நாய் கொழுத்ததைக் கவனித்தேன். அவரை உட்கார வைத்து, குழம்பில் உப்பைக் கரைத்து, இரண்டு பேரும் மறுபடி சாப்பிட்டோம்.

மறுநாள் மேலாளர் கையில் பொட்டலத்தோடு படியேறினார். வாழைக்காய் பஜ்ஜி. எல்லோரும் அதைத்தான் முதலில் பார்த்தோம்.

"வாடிக்கையாளருக்கு ரொம்பத் திருப்தி. டீம் இங்கயேதான்" என்றார். சோதனைக்காரன் மேஜையில் ஒரு முழுப் பாட்டையும் வாசித்து முடித்தான். இவ்வளவு நல்ல செய்திக்கு எதற்கு பஜ்ஜி என்று எனக்கு மட்டும் உறுத்தியது. மேலாளர் என் பக்கம் திரும்பினார், ஆனால் என் பின்னாலிருந்த பீரோவைப் பார்த்துத்தான் பேசினார். "குறிப்பு எழுதினது யாருன்னு தலைமை அலுவலகத்துல கேட்டாங்க. உங்கள அங்க வரச் சொல்றாங்க. அங்க இருக்கிற எல்லா டீமுக்கும் நீங்கதான் கத்துக் கொடுக்கணுமாம். பதவி உயர்வோட. வர்ற மாசத்துலேர்ந்து."

நன்றாக வேலை செய்ததற்குக் கிடைத்த தண்டனையைப் பாருங்கள். சொதப்பியிருந்தால் எல்லோரோடும் போயிருப்பேன். சொதப்பாததால் தனியாகப் போக வேண்டும்.

என் வாயில் பழக்கப்பட்ட வாசகங்கள் தயாராக வந்து நின்றன. ரொம்ப சந்தோஷம் சார், யோசிச்சுச் சொல்றேன் சார், பாக்கலாம் சார். எல்லாம் நெறஞ்சிருக்கு சார். பஜ்ஜியைத் தட்டில் வைத்தேன்.

"இல்ல சார். நான் அங்க வரமாட்டேன்."

பிரஸ் மெஷின்கூட அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. எனக்கே என் குரல் யாருடையதோ போல இருந்தது. மேலே தேவதை போயிருந்தால் போகட்டும், அது ‘அப்படியே ஆகட்டும்’ என்று சொல்லட்டும், எனக்கு வேண்டியதும் அதுதான். உடனே அடுத்த பாதியையும் சொன்னேன், அதுதானே நான் கற்றது. "அவங்க எழுதற குறிப்பெல்லாம் எனக்கு அனுப்பட்டும், திருத்தித் தரேன். கத்துக்கணும்னா அவங்க இங்க வரட்டும், பீரோ இருக்கு. இல்லன்னா வீடியோல சொல்லித் தரேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல மட்டும் என்னைக் கூப்பிடக் கூடாது."

மேலாளர் ஒரு பஜ்ஜியை எடுத்து நிதானமாக மென்றார். "இவ்வளவு தெளிவா யாரும் என்கிட்ட மாட்டேன்னு சொன்னதில்ல" என்றார். குறைப்பட்டுக்கொண்டாரா, பாராட்டினாரா என்று தெரியவில்லை. பிறகு தலைமை அலுவலகத்தில் பேசினார். அவர்கள் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். பதவி உயர்வு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பழைய குறிப்பு ஆகிவிடும்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் சாம்பார் வைத்தேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து, இரண்டு தட்டு வைத்து, எதிரே உட்கார்ந்தேன். இந்த முறை உப்பை மறக்கவில்லை. வேண்டுமென்றே போடவில்லை. என் தொழில் புத்தி அப்படி. ‘ஆச்சு’ என்று பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியை அவர் முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும்.

நைனா பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார். சுவரில் அம்மா படத்தை ஒரு தடவை பார்த்தார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்தார்.

"கண்ணு, உப்பு இல்ல" என்றார்.

எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டாவது முறையும் சோறு போட்டுக்கொண்டார். வாசலில் செவலை எழுந்து நின்று ரொம்ப நேரம் காத்திருந்தது. அன்று அதற்கு ஒன்றும் இல்லை.